சைக்கிளுக்குள்ளே ஒரு துப்பாக்கி கம்பெனி

போன மாசம் ஒரு கியர் சைக்கிள் வாங்கலாம்னு உட்கார்ந்து ஸ்பெக் ஷீட் படிச்சிட்டு இருந்தேன். ஃப்ரேம், கியர், பிரேக் எல்லாம் தாண்டி கீழே ஒரு வரி: 'பாட்டம் பிராக்கெட் - பிஎஸ்ஏ, 68 மில்லிமீட்டர்'. பெடல் சுத்துற அச்சு ஃப்ரேமுக்குள்ள உட்கார்ற இடம்தான் இந்த பாட்டம் பிராக்கெட். நம்ம ஊர் சைக்கிள் கடையில 'பிபி'ன்னு சொல்வாங்க.

எனக்கு பிஎஸ்ஏன்னா அப்பாவோட எஸ்எல்ஆர் சைக்கிள்தான் ஞாபகம் வரும். அது ஒரு பிராண்ட். நான் பார்த்துட்டு இருந்தது வேற கம்பெனி சைக்கிள். ஒரு கம்பெனி சைக்கிள்ல இன்னொரு கம்பெனி பேர் எதுக்கு? தேடிப் பார்த்தேன். பிஎஸ்ஏ-வோட விரிவாக்கம் 'பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ்'. ஸ்மால் ஆர்ம்ஸ்னா ஒரு ஆள் தூக்கிட்டுப் போய் சுடக்கூடிய துப்பாக்கி. அதாவது அப்பா என்னை முன்னாடி பார்ல உட்கார வெச்சு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போன வண்டிமேல ஒரு துப்பாக்கி கம்பெனியோட பேர் இருந்திருக்கு. இன்னைக்கு எபிசோட் அந்தக் கம்பெனியோட முதல் இருபது, முப்பது வருஷத்தைப் பத்தி.

முதல்ல பர்மிங்ஹாம். 19-ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல அந்த ஊர்ல 'கன் குவார்ட்டர்'னு ஒரு பேட்டையே இருந்தது. துப்பாக்கி செய்யறவங்க ஒரே இடத்துல குவிஞ்சிருந்த தெருக்கள். ஆனா அங்க 'துப்பாக்கி ஃபேக்டரி'ன்னு பெருசா ஒரு கட்டடத்தைத் தேடினா கிடைக்காது. குழல் செய்ய ஒருத்தர், சுடும் விசைப் பொறியான லாக் செய்ய ஒருத்தர், மரக்கட்டையைச் செதுக்க ஒருத்தர், எல்லாத்தையும் பொருத்த ஒருத்தர், கடைசியா மெருகேற்ற ஒருத்தர். ஒவ்வொருத்தருக்கும் ஒரு சின்னப் பட்டறை. பாதி முடிஞ்ச துப்பாக்கி ஒரு பட்டறையிலிருந்து அடுத்த பட்டறைக்குத் தெருவழியாகவே போகும். 'கன்மேக்கர்'னு போர்டு மாட்டியிருந்தவர் பெரும்பாலும் இந்த எல்லா வேலையையும் பிரிச்சுக் கொடுத்து வாங்கற ஆள்தான். குழல் வெடிக்காமல் இருக்குமான்னு சோதிச்சு முத்திரை குத்த 1813-லேயே சட்டம் போட்டு ஒரு புரூஃப் ஹவுஸ் உருவாக்கினாங்க.

இதை அழகான கைத்தொழில் கதையா மட்டும் பார்க்க வேண்டாம். 18-ஆம் நூற்றாண்டில் இதே ஊர்த் துப்பாக்கிகள் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய், அங்கே அடிமை வியாபாரத்தில் மனிதர்களுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டன. அந்தத் தெருக்களோட செழிப்புல அந்தக் காசும் இருக்கு.

இந்த முறையில ஒரு பெரிய டெக்னிக்கல் சிக்கல். ஒவ்வொரு துப்பாக்கியும் அரம் வெச்சு ராவி ராவிப் பொருத்தினது. அதனால ஒண்ணோட லாக் இன்னொண்ணுக்குச் சேராது. பார்க்க ரெண்டும் ஒரே மாடல். ஆனா உள்ளே ஒவ்வொண்ணும் தனிப் பிறவி. சண்டை நடக்கிற இடத்துல ஒரு பாகம் உடைஞ்சா, செத்த துப்பாக்கியிலிருந்து கழட்டி மாட்டிக்க முடியாது. கைதேர்ந்த ஆள் ஒருத்தர் உட்கார்ந்து மறுபடி ராவணும்.

1854-ல் பிரிட்டன் கிரிமியப் போரில் இறங்கியது. ராணுவத்துக்கு அவசரமா துப்பாக்கி வேணும். பர்மிங்ஹாம் ஆட்கள் கூட்டா சேர்ந்து சப்ளை பண்ணினாங்க. ஆனா அரசாங்கம் ஏற்கனவே கடுப்புல இருந்தது. ஆர்டர் குறிச்ச தேதிக்கு வராது, நடுவுல கூலித் தகராறு வரும், ஒரு பட்டறை நின்னா அதுக்கு அடுத்த எல்லா பட்டறையும் நிக்கும்.

அந்த நேரத்துல அமெரிக்காவில் வேற மாதிரி ஒரு வேலை நடந்துட்டு இருந்தது. பிரிட்டன் ஒரு குழுவை அனுப்பியது. ஸ்ப்ரிங்ஃபீல்ட் அரசு ஆயுதசாலையில் அவங்க ஒரு சோதனை வெச்சாங்க. 1844 முதல் 1853 வரை வருஷத்துக்கு ஒண்ணா பத்து துப்பாக்கிகளை எடுத்து, எல்லாத்தையும் கழட்டி, பாகங்களை ஒண்ணா கலந்துட்டாங்க. அப்புறம் ஒரு தொழிலாளியைக் கூப்பிட்டு, கைக்கு வந்த பாகத்தை எடுத்துப் பொருத்தச் சொன்னாங்க. அரம் தேவைப்படல. ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும்னு ஆச்சு. பத்தும் துப்பாக்கியா எழுந்து நின்னுச்சு. மரக்கட்டையைக்கூட மெஷின்களே அரை மணிக்கும் குறைவான நேரத்துல கடைஞ்சு கொடுத்தன.

கோட் எழுதறவங்களுக்கு இது உடனே புரியும். பத்து வருஷத்துல பத்து பேர் எழுதின மாட்யூல்களைக் கலைச்சுப் போட்டு, எதை எதோட சேர்த்தாலும் ஓடுதுன்னு நினைச்சுப் பாருங்க. நம்ம ப்ராஜெக்ட்ல போன வெர்ஷனோடவே சேர மாட்டேங்குது!

குழு அந்த மெஷின்களை வாங்கி வந்தது. லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் இருந்த அரசு ஆயுதசாலையில் அதெல்லாம் வந்து இறங்கியது. அதை நடத்த ஜேம்ஸ் பர்ட்டன் என்ற அமெரிக்க இன்ஜினியரையும் கூட்டி வந்தார்கள். 1850-களின் முடிவில் வாரத்துக்கு ஆயிரத்துக்கும் மேல துப்பாக்கிகள் அங்கிருந்து வெளியே வந்தன. என்ஃபீல்டுன்னு சொன்னா நமக்கு இன்னொன்னும் ஞாபகம் வரும். 1853 மாடல் என்ஃபீல்டு துப்பாக்கிக்கான தோட்டா உறையில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்குன்னு பரவின பேச்சுதான், 1857-ல் இந்தியச் சிப்பாய்களோட கோபம் வெடிச்சதுக்கு உடனடிக் காரணங்கள்ல ஒண்ணு. எல்லாம் ஒரே குடும்பக் கதை.

இப்போ பர்மிங்ஹாம்காரங்க நிலைமையை யோசிங்க. அவங்களோட மிகப் பெரிய கிளையன்ட் அரசாங்கம். அந்த கிளையன்டே சொந்தமா ஃபேக்டரி வெச்சு, உங்களைவிட வேகமா, ஒரே மாதிரி, குறைஞ்ச கைவேலையோட தயாரிக்க ஆரம்பிச்சா?

1861 ஜூனில் கன் குவார்ட்டரைச் சேர்ந்த பதினாலு துப்பாக்கித் தொழில் முதலாளிகள் சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். அதுதான் பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். நேத்து வரைக்கும் ஒருத்தரோட ஒருத்தர் போட்டி போட்டவங்க. அவங்க எடுத்த முடிவு, தங்களோட முறையையே கைவிடறது. ஊருக்கு வெளியே ஸ்மால் ஹீத் என்ற இடத்தில் 25 ஏக்கர் நிலம் வாங்கி, மெஷின் வெச்ச ஃபேக்டரி கட்டினாங்க. அதுக்குப் போட்ட சாலைக்கு 'ஆர்மரி ரோடு'ன்னு பேர். போர்த் துறை என்ஃபீல்டு வரைபடங்களைப் பார்க்கவும், அந்த ஆலையோட வசதிகளைப் பயன்படுத்தவும் இலவசமா அனுமதி கொடுத்தது. என் கணிப்பு என்னன்னா, போர் வந்தா ஒரு ஃபேக்டரி போதாதுன்னு அரசாங்கத்துக்குத் தெரியும். அவசரத்துக்கு ரெண்டாவது சப்ளையர் ஒருத்தர் தயாரா இருக்கணும். இந்த 'அவசரத்துக்கு' என்ற வார்த்தையை ஞாபகம் வெச்சுக்கோங்க.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. அதே 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் ஆரம்பித்தது. வடக்கும் தெற்கும் ரெண்டு தரப்புமே பர்மிங்ஹாமில் லட்சக்கணக்கில் துப்பாக்கி வாங்கினாங்க. அதையெல்லாம் செய்து கொடுத்தது பழைய கன் குவார்ட்டர் கைகள்தான். மெஷின்தான் எதிர்காலம்னு பதினாலு பேர் சுவர் எழுப்பிட்டு இருந்தப்போ, பக்கத்துலேயே பழைய தொழில் தன் உச்சத்துல இருந்தது. அந்த நேரத்துல புது ஃபேக்டரியில காசு போட எவ்வளவு துணிச்சல் வேணும்!

1863-ல் முதல் பெரிய பலன். துருக்கிக்காக 20,000 காலாட்படைத் துப்பாக்கிகளுக்கு ஆர்டர். அதே வருஷம் செப்டம்பரில், கமிட்டி போட்டு நடத்தினது போதும்னு, தேர்ந்தெடுக்கப்பட்ட டைரக்டர் போர்டுக்கு மாறினார்கள். சேர்மன் ஜான் டென்ட் குட்மேன். பர்மிங்ஹாம் துப்பாக்கித் தொழிலைப் பற்றி விவரமா எழுதி வெச்சவரும் இவர்தான். 1860-களின் பிற்பகுதியில், குழல் வாய் வழியா மருந்து இடிக்கிற பழைய துப்பாக்கிகளைப் பின்பக்கமா தோட்டா போடற ஸ்னைடர் முறைக்கு மாத்தற வேலையும் பெரிய அளவில் வந்தது.

எல்லாம் நல்லா போற மாதிரிதானே இருக்கு? இங்கதான் நான் கொஞ்சம் நின்னுட்டேன்.

துப்பாக்கி என்ன மாதிரிப் பொருள்? போர் வந்தா எல்லாருக்கும் நேத்தே வேணும். போர் முடிஞ்சா யாருக்கும் வேண்டாம். அமைதிக் காலத்தில் அரசாங்கத்துக்குக் கொஞ்சம் தேவைன்னா, அதை முதல்ல தன்னோட சொந்த என்ஃபீல்டுக்குத்தான் கொடுக்கும். ரெண்டாவது சப்ளையர் காத்திருக்கணும். 25 ஏக்கர், அவ்வளவு மெஷின், அவ்வளவு தொழிலாளிகள், எல்லாம் சும்மா காத்திருக்கணும்.

1879-ல் ஆர்டர் சுத்தமா இல்லை. ஃபேக்டரியை மூடினாங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை, ஒரு வருஷம்.

ஐடியில இருக்கிறவங்களுக்கு 'பெஞ்ச்'னா என்னன்னு சொல்ல வேண்டியதில்லை. நான் முன்னாடி வேலை பார்த்த இடத்துல எங்க டீம் மொத்தமும் ஒரே கிளையன்டுக்காக ஓடிட்டு இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மெயில் வந்தது. திங்கட்கிழமை பதினோரு பேரும் பெஞ்ச்ல. நாங்க மோசமா வேலை செஞ்சதால இல்லை. கிளையன்டுக்குத் தேவை முடிஞ்சு போச்சு, அவ்வளவுதான். எங்களுக்காவது சம்பளம் வந்துட்டு இருந்தது. 1879-ல் ஸ்மால் ஹீத் தொழிலாளிக்கு வீட்டு அடுப்பே அணைஞ்சிருக்கும். 1861-ல் அந்தப் பதினாலு பேரும் தொழில்நுட்பப் பிரச்சினையைத்தான் தீர்த்தாங்க. ஒரே கிளையன்டை நம்பியிருக்கிற பிரச்சினை அப்படியே இருந்தது.

1880-ல் ஓட்டோன்னு ஒருத்தர் ஒரு விசித்திர வண்டியோட வந்தார். பெயர் 'ஓட்டோ டைசைக்கிள்'. ரெண்டு பெரிய சக்கரம், ஆனா முன்னும் பின்னும் இல்லை. பக்கத்துல பக்கத்துல, நடுவுல ஓட்டறவர். டைரக்டர்கள் கூடிய அறையில மேசைமேலேயே ஏறி ஓட்டிக் காட்டிட்டு, அப்படியே படியில இறங்கித் தெருவுல மறைஞ்சு போனார்னு ஒரு கதை சொல்வாங்க. நம்பறது உங்க இஷ்டம். ஆனா பிஎஸ்ஏ அந்த வண்டியைத் தயாரிச்சுக் கொடுத்தது மட்டும் நிஜம்.

அப்போதான் ஒரு விஷயம் வெளிச்சமாச்சு. சைக்கிளுக்கு என்ன வேணும்? ஒரே அளவுல, துல்லியமா, மலிவா, ஆயிரக்கணக்குல சின்னச் சின்ன உலோகப் பாகங்கள். துப்பாக்கிக்கும் அதேதான் வேணும். அடுத்து 'சேஃப்டி' சைக்கிள், அதாவது இன்னைக்கு நாம ஓட்டற வடிவம், அதையும் செய்தார்கள்.

ஆனா பழைய பழக்கம் சீக்கிரம் போகுமா? 1880-களின் இறுதியில் ராணுவம் லீ-மெட்ஃபோர்டு துப்பாக்கிக்கு மாறினப்போ, வாரத்துக்கு 1,200-னு பெரிய ஆர்டர் வந்தது. சைக்கிளை ஓரமா வெச்சுட்டுத் திரும்ப ஓடினாங்க. அந்த அலையும் இறங்கியதும், 1893-ல் சைக்கிள் ஹப் செய்ய ஆரம்பித்தார்கள். அப்புறம் மத்த பாகங்கள். இந்தத் தடவை முழு வண்டிக்குப் பதிலா பாகங்களை ஒரு செட்டா விற்றார்கள். ஊர் ஊரா இருந்த சின்னக் கடைக்காரர்கள் அந்த செட்டை வாங்கி, குழாய்களைப் பத்தவெச்சு, தங்கள் பேர்ல சைக்கிள் விற்றார்கள். ஒரே பெரிய கிளையன்ட் இருந்த இடத்துல எத்தனையோ சின்னக் கிளையன்ட்கள். ஒருத்தர் போனா கதவு மூடாது.

இப்போ என் ஸ்பெக் ஷீட்டுக்கு வருவோம். பத்து கடைக்காரங்க ஒரே செட்டை வாங்கினா, பத்து சைக்கிள்லயும் மரை ஒரே அளவுல இருக்கும். அந்த மரை அளவு, 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 சுற்று, கடைசியில ஒரு ஸ்டாண்டர்டாவே நின்னுட்டுது. ஸ்ப்ரிங்ஃபீல்டில் பத்து துப்பாக்கியைக் கலைச்சுப் போட்டுப் பொருத்தினாங்களே, அதே யோசனைதான் கம்பெனி தாண்டி, நாடு தாண்டி சைக்கிள்களுக்குள்ள வந்து உட்கார்ந்திருக்கு.

பிஎஸ்ஏ 1957-ல் சைக்கிள் தொழிலை ராலேவுக்கு விற்றது. 1960-ல் ராலே, பிரிட்டனின் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கையில போச்சு. அந்த ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோட முருகப்பா குடும்பம் 1949-லேயே கூட்டு சேர்ந்து ஆரம்பிச்சதுதான் அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ். பிஎஸ்ஏ எஸ்எல்ஆர் வந்தது அங்கிருந்துதான்.

இந்தக் கதையை 'துப்பாக்கி சைக்கிளா மாறிடுச்சு, எல்லாம் சுபம்'னு முடிக்க எனக்கு மனசு வரல. பிஎஸ்ஏ அதுக்கப்புறமும் துப்பாக்கி செஞ்சுட்டுதான் இருந்தது. மூணு துப்பாக்கியைச் சாய்ச்சு நிறுத்தின படம்தான் அதோட லோகோ. துல்லியமா செய்யத் தெரிஞ்ச கைக்கும் மெஷினுக்கும் தான் எதைச் செய்யறோம்னு கவலை இல்லை. அதை முடிவு பண்றது ஆர்டர் கொடுக்கிறவங்க. அதனாலதான் ஆர்டர் கொடுக்கிறவர் ஒரே ஒருத்தரா இருக்கக் கூடாதுன்னு தோணுது.

அப்பாகிட்ட பிஎஸ்ஏ விரிவாக்கத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அதான் செயின் கழண்டதே இல்லை"ன்னார்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.