விழித்திரைச் சவ்வு அறுவை, சாயவழி

நீரிழிவால் கெட்ட விழித்திரையின்மேல் படரும் சவ்வுக்குச் சாயமேற்றி, அதன் விளிம்பை அடையாளம் கண்டு, நுண்ணிடுக்கியால் உரித்தெடுக்கும் முறை. மயாமியில் ராபர்ட் மாக்கெமர் 1970இல் தொடங்கிய மூடிய விட்ரெக்டமியே (கண்ணுக்குள் நிறைந்த விழிக்கூழை அகற்றும் அறுவை) இதன் அடித்தளம். அதன்பின் ஏறத்தாழ முப்பதாண்டுகள் சாயமின்றியே உரித்தார்கள்.

அப்படிப் படரும் மேற்சவ்வுக்கு அடியில் இருப்பது விழித்திரையின் சொந்தப் படலமான உள் எல்லைச் சவ்வு; அது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு, மூன்று பங்கு தடிமனே உடையது, நிறமும் கிடையாது. ஜப்பானில் கடோனோசோனோ குழு இண்டோசயனின் கிரீனால் அதற்குப் பச்சையேற்றி உரித்ததை 2000இல் வெளியிட்டது. அமெரிக்காவின் பர்க் குழுவின் கட்டுரையும் அதே ஆண்டில் வந்ததால், முதன்மையை ஒருவருக்கே தருவது கடினம். விரைவில் சில நோயாளிகளின் பார்வைப் புலத்தில் குறை தென்பட்டது. காரணம் சாயமா, செறிவா, கரைத்த திரவமா, அறுவை விளக்கின் ஒளியா என்பதில் இன்றும் கருத்தொற்றுமை இல்லை.

பச்சைக்கு மாற்றாக நீலம் வந்தது. ஒட்டுண்ணி நோய் ஆராய்ச்சியில் பிறந்த டிரைபான் புளூவை 1999இல் கண் மருத்துவர் மெல்லஸ் கண்புரை அறுவையில் பயன்படுத்தியிருந்தார். மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் பெரியேயும் செபாகும் 2003இல் அதனை விழித்திரைக்குப் பயன்படுத்தி, 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஆப்தல்மாலஜி'யில் இரு கட்டுரைகள் எழுதினர்: ஒன்று விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலத்தில் ஏற்படும் துளையில் உள் எல்லைச் சவ்வை உரிப்பது, மற்றது விழித்திரை மேற்சவ்வை உரிப்பது பற்றி. தலைப்புகளில் நீரிழிவு இல்லை. ஆயினும் நீரிழிவுக் கண்ணின் மேற்சவ்வுக்கும் அதே கைமுறைதான். டிரைபான் புளூ மேற்சவ்வில் நன்றாகப் பிடிக்கும், உள் எல்லைச் சவ்வில் மங்கலாகவே ஏறும். சாயம் மிதந்து கலைந்துவிடாமல் மாக்குலத்தின்மேல் படிய, அதைக் கனமாக்கக் குளுக்கோஸ் கரைசலில் கலப்பதுண்டு. சர்க்கரையால் கெட்ட கண்ணுக்குள்ளும் அப்படியே சர்க்கரை போகிறது! ஓரிரு நிமிடத்தில் மிகுசாயத்தை உறிஞ்சிவிட்டு, நீல விளிம்பைக் கிள்ளித் தூக்கி, வட்டமாக உரிப்பார்கள்.

கம்பளிக்கு நிறமேற்றவும் ஆய்வகத்தில் புரதத்தைக் காட்டவும் பயன்பட்ட சாயக் குடும்பத்தைச் சேர்ந்த பிரில்லியன்ட் புளூ ஜியை 2006இல் ஜப்பானின் எனைடா குழு அறிமுகப்படுத்தியது. உள் எல்லைச் சவ்வுக்கு இன்று பலரும் நாடுவது இதையே.

முற்றிய நீரிழிவு நோயில் இரத்தக்குழாய் ஓடும் தடித்த சவ்வு சாயமின்றியே தெரியும். அதைத் துண்டுதுண்டாக வெட்டியோ, அடுக்கடுக்காகப் பிரித்தோ எடுக்கிறார்கள். எஞ்சிய மெல்லிய படலத்தைக் காட்டவே சாயம். விழித்திரை கிழிந்திருந்தால் சாயம் அடியில் புகுந்து கேடு செய்யக்கூடும் என்பதால் அங்கே எச்சரிக்கை மிகுதி. உள் எல்லைச் சவ்வையும் சேர்த்து உரித்தால் மேற்சவ்வு மீண்டும் வளர்வது குறையும் என்பர். நீரிழிவு மாக்குல வீக்கத்தில் அதனால் பார்வை கூடுமா என்பது தீரவில்லை.

அறுவைக்குச் சில நாள் முன்பே, புதிய இரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பெவாசிசுமாப் ஊசி போட்டு இரத்தக்கசிவைக் குறைப்பது பின்னர் பரவியது. அமெரிக்கா பிரில்லியன்ட் புளூ ஜிக்கு 2019 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக் குடும்பத்தைச் சேர்ந்த, 1992இல் தொடங்கிய ஆரோலேப் இவ்விரு நீலச் சாயங்களையும் தயாரிக்கிறது.