சுண்ணக்கல், துலா, கிணற்றுப் பங்கு: யாழ்ப்பாணத்து வாழ்வில் நிலவுருவின் இடம்

யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதுவோர் பலரும் ஒரே விளக்கத்தில் வந்து நிற்கிறார்கள்: ஆறில்லாத வறண்ட நிலம், ஆகவே உழைப்பும் சிக்கனமும் கல்வி நாட்டமும் மிகுந்த மக்கள். நிலத்திலிருந்து குணத்துக்கு இப்படித் தாவிவிட முடியாது. நிலவுரு ஓர் எல்லையை வகுத்தது. அந்த எல்லைக்குள் யார் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைக் கருவியும் உடைமையுமே தீர்மானித்தன.

இலங்கைத் தீவின் வடமுனையான குடாநாடு மயோசீன் காலச் சுண்ணக்கல்லால் ஆனது. மலை இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றை விட்டால் ஆறென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆண்டுக்குச் சுமார் 1,250 மில்லிமீட்டர் மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிறது. அது கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, நிலத்தடியில் புகுந்திருக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியலின் பொதுக் கணக்கு. அதே கணக்கின்படி, மேலே 1 மீட்டர் குறைந்தால் அடியிலிருந்து உவர்நீர் 40 மீட்டர் ஏறும். இந்த 40 மடங்குதான் குடாநாட்டுத் தோட்டச் செய்கையின் உண்மையான எல்லை.

அந்த எல்லையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தது, கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் நெம்புமரமான துலா. ஒருவரோ இருவரோ துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க வேண்டும். கிணற்றடியில் ஒருவர் நீர் முகக்கும் பட்டையைப் பிடிக்க வேண்டும். வாய்க்காலில் இன்னொருவர் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும். ஒரு குடும்பத்தின் கை போதாது. ஆகவே அயலவர் மாறிமாறி இறைத்தார்கள். மனித உடல் களைக்கும் அளவுக்கு மேல் கிணறு களைக்கவில்லை.

உடைமையும் கிணற்றையொட்டியே அமைந்தது. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த யாழ்ப்பாண வழமைச் சட்டமான தேசவழமை, சீதனத்தைத் தனிச் சொத்து வகையாக வைத்தது. மகளுக்கு மகள் சீதனமாகப் பிரிந்து காணி துண்டுபட்டது. கல்லுடைத்து வெட்டிய கிணறு மட்டும் துண்டுபட முடியாது. அதனால்தான் யாழ்ப்பாணத்துக் காணிப் பத்திரங்களான உறுதிகளில் நிலத்தோடு கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் பங்கும் எழுதப்பட்டன. பங்குக் கிணற்று வழக்குகள் அற்பப் பிணக்குகள் அல்ல, சுண்ணக்கல் நிலம் சட்டத்துக்குள் நுழைந்த வாசல் என்றே நான் கருதுகிறேன்.

அந்தப் பங்கு எல்லோருக்கும் கிடைக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் பிறர் கிணற்றில் வாளி தொட முடியாமல், யாராவது வார்த்துவிடும்வரை குடத்தோடு காத்து நின்றார்கள். அவர்கள் காலடியிலும் அதே சுண்ணக்கல், அதே நன்னீர். நிலவுருவை மட்டும் கொண்டு வாழ்வை விளக்குவோர் இந்தக் காத்திருப்புக்கு என்ன விளக்கம் தருவார்கள்?

நிலவுரு மட்டும் வாழ்வைத் தீர்மானிக்காது என்பதையே குடாநாட்டை அடுத்த தீவுப்பகுதியும் காட்டுகிறது. புங்குடுதீவிலும் நெடுந்தீவிலும் நன்னீர் அரிது. புங்குடுதீவார் பலர் கொழும்பு முதலிய தென்னிலங்கை நகரங்களில் கடை வைத்தார்கள். நெடுந்தீவார் பலர் கால்நடையோடும் கடலோடும் நின்று, முருகைக் (பவளக்) கல்லை அடுக்கி வேலியாக்கினார்கள். உவர் ஒன்று, வாழ்வு வேறு.

துலாவின் இடத்தை இறைக்கும் இயந்திரம் பிடித்தபோது எல்லை இடம் மாறியது. 1970களின் இறக்குமதித் தடையால் வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை போக, செம்பாட்டு மண்ணில் ஆண்டு முழுதும் பயிர் நின்றது. கூட்டு இறைப்பு தேவையற்றுப் போனது. இயந்திரம் களைப்பதில்லை. கரையோரக் கிணறுகள் பல உவர்த்தன. உரத்தின் நைத்திரேற்று குடிநீருக்குள் இறங்கியது. குடாநாட்டுக் கடல்நீரேரிகளை நன்னீராக்கும் திட்டமும் இரணைமடுக் குளத்து நீரைக் கொண்டுவரும் திட்டமும் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வந்துள்ளன. எவ்வளவு நீர் வேண்டும் என்பதே அவற்றில் முதற்கேள்வி. ஆனால் ஒரு கிணற்றிலிருந்து ஒருவர் நாளொன்றுக்கு எவ்வளவு இறைக்கலாம் என்று உறுதிகளில் பொதுவாக எழுதப்படவில்லை. துலா இருந்தவரை அப்படி எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை.