பல்லேடியம் மின்முனையும் சோதிக்கப்படாத அனுமானமும்

1989 மார்ச் 23 அன்று யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஃபிளைஷ்மனும் ஸ்டான்லி பான்ஸும் அறிவித்த குளிர் இணைவு, அதாவது அறை வெப்பநிலையிலேயே நிகழ்வதாகச் சொல்லப்பட்ட அணுக்கரு இணைவு, தன் எளிமையால் மயக்கியது: கனநீரில் பல்லேடியம் மின்முனை, கொஞ்சம் மின்சாரம், செலுத்தியதைவிட அதிக வெப்பம். மேசைமேல் அடங்கும் உலை என்றதும் ஆய்வகங்களோடு தனி ஆர்வலர்களும் கலன்களை அமைத்தார்கள். ஆனால் அந்த மிகை வெப்பம் ஓர் அனுமானத்தின்மேல் நின்றது. மின்பகுப்பில் பிரியும் டியூட்டீரியமும் ஆக்சிஜனும் முழுவதும் வெளியேறுவதாகக் கொண்டு, அவற்றின் ஆற்றலைக் கணக்கில் கழித்தார்கள். ஓரளவு உள்ளேயே மீண்டும் சேர்ந்தாலும், அந்த வெப்பம் புதிய ஆற்றலாகத் தோன்றும். ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகமும் ஏப்ரலில், இணைவின் அடையாளமான நியூட்ரான்களைக் கண்டதாக அறிவித்தது. கருவி வெப்பத்தால் பிழைபட்டதை உணர்ந்து சில நாட்களில் திரும்பப் பெற்றது. அந்த நேர்மை மதிக்கத்தக்கது.

அனுமானமின்றி ஆய்வே இல்லை என்பார்கள். உண்மைதான், ஆனால் எதை அனுமானித்தோம் என்று தெரிந்தால்தான் அதைச் சோதிக்க முடியும். இணைவு பொய்யென்றால் ஆபத்தும் இல்லை என்பது இன்னும் கொடிய அனுமானம். 1992 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், தேர்ந்த வல்லுநர்கள் இருந்த ஆய்வகத்திலேயே இத்தகைய கலன் வெடித்து ஓர் ஆய்வாளர் இறந்தார். வெடிப்புக்கு அணுக்கரு வினை தேவைப்படவில்லை, தேங்கிய வாயுக் கலவையே போதுமானதாக இருந்தது. மூடிய கலனில் அவ்வாயுக்களை நீராகச் சேர்க்கும் வினையூக்கி நனைந்து செயலிழந்தால், அழுத்தம் சத்தமின்றி ஏறிக்கொண்டே போகும்.