டிக்கிக்குள் மழை

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் நாகூரில் கார் வைத்திருந்தவர்களுக்குக் காலையில் கூடுதலாக ஒரு வேலை உண்டு. டிக்கியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார்கள். நனைந்த சாக்கு வாசம் வந்தால் போச்சு. விரிப்பைத் தூக்கினால் அடியில் தண்ணீர் நிற்கும். ஜாக்கி துருவேறியிருக்கும், ஸ்பானர் மூட்டையில் பூஞ்சை பூத்திருக்கும். அந்தக் காலத்துக் கார்களின் எஞ்சினைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். டிக்கிக்குள் புகுந்த தண்ணீருக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. நம் தலைமுறை அதைக் கண்ணால் பார்த்த தலைமுறை என்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் பெயர். காரைக்காலில் நான் படித்தது பிரெஞ்சு வழியில். அங்கே காரின் பின்பெட்டிக்கு 'மால்' என்றும் 'கோஃப்ர்' என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டுக்கும் பெட்டி என்றுதான் பொருள். அமெரிக்கர்கள் டிரங்க் என்பதும் அதே கணக்கு. ஆரம்ப காலக் கார்களில் டிக்கி என்று ஒன்று கிடையாது. பயணப் பெட்டியை வண்டிக்குப் பின்னால் வாரால் கட்டிக்கொண்டு போனார்கள். குதிரை வண்டிக் காலத்துப் பெட்டிகளுக்கு மூடி வளைவாக இருக்கும். மழை விழுந்தால் வழிந்து ஓடிவிட வேண்டும் என்பதற்காக. பாரிஸில் லூயி வியுத்தோன் 1858 வாக்கில் தட்டையான மூடி போட்ட பெட்டி செய்தார். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கலாம், ஆனால் மூடிமேல் தண்ணீர் நிற்கும். அதனால் தண்ணீர் புகாத கித்தானை மேலே ஒட்ட வேண்டியிருந்தது. தட்டையான மூடி வந்த அன்றே இந்தத் தொல்லையும் கூட வந்துவிட்டது.

நாம் சொல்லும் 'டிக்கி' வேறு கதை. பழைய இரண்டு பேர் கார்களில் பின்பக்க மூடியைத் திறந்தால் உள்ளே ஓர் இருக்கை இருக்கும். கூரை கிடையாது. அதில் உட்கார்ந்தவர் வெயிலையும் மழையையும் வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். அதற்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் டிக்கி சீட். இருக்கை போய்விட்டது, பெயர் நம்மிடம் தங்கிவிட்டது. ஸ்டெப்னியும் அப்படித்தான். 1904-இல் வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் தொடங்கிய உதிரிச் சக்கரக் கம்பெனியின் பெயர் அது. அந்த நாட்டில் அந்தப் பேச்சே ஒழிந்துபோனது. நம் ஊர் லாரி கிளீனர் பையன் மட்டும் இன்னும் விடவில்லை.

பிரெஞ்சுக்காரர்களும் இதில் பெரிய சமர்த்தர்கள் அல்ல. 1948-இல் சித்ரோயென் காட்டிய 'தெ ஷெவோ' என்ற சின்னக் காரில் கூரையே துணிதான். அந்தத் துணியே பின்பக்கம் பம்பர் வரை இறங்கி டிக்கியையும் மூடும். தகட்டு மூடி வந்ததெல்லாம் பிறகு. நீர் புகாததை 'எத்தான்ஷ்' என்று ஒரே சொல்லில் சொல்லும் மொழிக்காரர்கள், கார் டிக்கிக்குத் துணி போட்டு அனுப்பினார்கள்.

இனி நம் அம்பாசடர். பிர்லா குடும்பத்தின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-இல் தொடங்கியது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் ஆலை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைதான் 1950களின் கடைசியில் இங்கே அம்பாசடர் ஆனது. பெயருக்குப் பின்னால் மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று எண் ஏறியது. உடம்பு ஏறக்குறைய அதே உடம்பு. முன்பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி அது. கையில் சாவி கிடைத்ததே பாக்கியம் என்று இருந்தவன் கதவு இடுக்கையும் டிக்கி விளிம்பையும் குறை சொல்வானா? வாங்கியதும் நேரே பட்டறைக்குப் போய் ரப்பர் மாற்றி, கீல் சரிசெய்து, அடியில் தார் பூசிக்கொள்வது வழக்கமாக இருந்தது. தொழிற்சாலை விட்டுவைத்த மிச்ச வேலையை ஊர்ப் பட்டறைகள் முடித்துக் கொடுத்தன என்பதுதான் உண்மை. அம்பாசடர் அரை நூற்றாண்டு ஓடியதற்குப் பாதிப் பெருமை அவர்களுக்குச் சேர வேண்டும் என்பேன்.

சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு இன்னும் மோசம். 1961 முதல் வந்த வண்டி, பார்க்க அழகு. இங்கிலாந்தில் அதைச் செய்த கம்பெனிக்கு உடம்புத் தகடு அடித்துக் கொடுத்தவர்களைப் போட்டிக் கம்பெனி 1953-இல் வாங்கிவிட்டது. முழு உடம்பை ஒரே கூடாகச் செய்ய ஆளில்லை. ஆகவே துண்டு துண்டாகச் செய்து, நடுவில் ரப்பர் வைத்து, போல்ட்டு போட்டு முறுக்கினார்கள். இணைப்பு எத்தனையோ, தண்ணீருக்கு வாசல் அத்தனை.

அந்தக் காலத்து ரப்பரையும் சொல்ல வேண்டும். கந்தகம் சேர்த்துச் சுட்டால் ரப்பர் உறுதிப்படும் என்று 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். அதிலிருந்து நூறு வருஷத்துக்கும் மேலாக மரத்துப் பால் ரப்பர்தான். டயருக்கு அதை மிஞ்ச முடியாது. டிக்கி விளிம்பில் எப்போதும் அமுங்கியும் வளைந்தும் கிடக்கும் பட்டைக்கு அது ஒத்துவராது. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் பட்டு, இரண்டு மூன்று கோடையில் பல்லி வயிறு போல வெடிக்கும். 1960களின் தொடக்கத்தில் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் வெளிநாடுகளில் விற்பனைக்கு வந்தது. வெயிலைத் தாங்குவதில் கெட்டி. இன்றைய கார்களின் கதவு, டிக்கிப் பட்டைகள் பெரும்பாலும் அதுதான். நம் பக்கத்துப் பழைய வண்டிகளுக்கு அந்த யோகம் இல்லை.

இதில் ஒரு மனிதரின் பிழைப்பே ஆடிய கதை ஒன்று எனக்குத் தெரியும். 1980களின் முற்பகுதி. நாகை அப்போது தஞ்சை மாவட்டத்தில் இருந்தது; தனி மாவட்டம் ஆனது 1991-இல்தான். எங்கள் அலுவலகத்திலிருந்து ஓய்வுபெறப் போகிறவர்களின் பணிப் பதிவேடுகளைக் கட்டாகக் கட்டி, அதிகாரியின் அம்பாசடர் டிக்கியில் வைத்துத் தஞ்சாவூருக்கு அனுப்பினோம். முந்தின நாள் இரவு முழுக்க மழை, வழியிலும் விடவில்லை. தஞ்சாவூரில் கட்டைப் பிரித்தால் மூன்று பதிவேடுகள் ஊறிப்போயிருந்தன. எல்லாம் பேனா மையில் எழுதியவை. சேர்ந்த தேதி, ஊதிய உயர்வு, விடுப்புக் கணக்கு எல்லாம் நீலக் கறையாகிவிட்டது. அரசு ஊழியருக்கு அந்தப் புத்தகம் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது இல்லாமல் பென்ஷன் நகராது.

மறுநாளே ஓட்டுநருக்கு 17(அ)வில் குறிப்பாணை. டிக்கியைச் சரியாகப் பூட்டாமல் கவனக்குறைவாக இருந்ததற்கு ஊதிய உயர்வை ஏன் நிறுத்தக்கூடாது என்று கேள்வி. அவர் நான்கு பிள்ளைக்காரர். "பூட்டினேன் சார், இழுத்தும் பார்த்தேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பதில் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார். பூட்டினேன் என்று மட்டும் எழுதினால் எவன் நம்புவான்? தண்ணீர் எப்படிப் போனது என்று சொல்லியாக வேண்டும்.

வண்டியை ஊரிலிருந்த ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். பட்டறைக்காரரை எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் டிக்கியைத் திறக்கவே இல்லை. "ராத்திரி வண்டி எந்தப் பக்கம் சாஞ்சு நிக்கும்?" என்றார். ஷெட்டின் தரை இடப்பக்கம் சரிவு என்றார் ஓட்டுநர். "தண்ணி கெடந்தது?" இடது மூலையில். "அப்போ ஓட்டை அங்கன இல்ல தம்பி. தண்ணி தங்குற எடம் வேற, நொழையிற எடம் வேற" என்றார் நானா.

வயற்காட்டில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. கீழ் வயலில் தண்ணீர் பொங்கினால் அந்த இடத்தில் மண்ணை அப்பிப் பயனில்லை. மேல் வயல் வரப்பில் நண்டு வளை எங்கே என்று தேடிப் போக வேண்டும்.

நானா தேடிய முறையைச் சொல்கிறேன். டிக்கியிலிருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பழந்துணியால் ஈரம் ஒற்றி, தரை முழுக்கச் சாக்கட்டித் தூள் தூவினார். மூடியின் ரப்பர் பட்டையிலும் சாக்கட்டியைத் தடவி, மூடித் திறந்தார். எதிர் விளிம்பில் வெள்ளைக் கோடு சுற்றிலும் விழுந்திருந்தது, பூட்டுக்குப் பக்கத்தில் நாலு விரற்கடை தவிர. அந்த இடத்தில் காகிதத் துண்டு வைத்து மூடி இழுத்தால் தடையில்லாமல் வந்தது. "இது ஒண்ணு. ஆனா இவ்ளோ தண்ணிக்கு இது பத்தாது" என்றார்.

பிறகு ஒல்லியான பையன் ஒருவனை டார்ச்சோடு டிக்கிக்குள் படுக்க வைத்து மூடினார். சாவி நானாவின் கையிலேயே. ரப்பர் குழாயில் தண்ணீரைக் கீழிருந்து தொடங்கினார்: முதலில் பின் விளக்குகள், பிறகு மூடி விளிம்பு, கீல், கடைசியில் பின் கண்ணாடி. ஒவ்வோர் இடத்திலும் சில நிமிஷம். மேலிருந்து ஊற்றினால் எல்லாம் ஒன்றாக நனைந்துவிடும், எது எங்கிருந்து என்று தெரியாது என்பது அவர் கணக்கு. பின் கண்ணாடியின் வலது மேல் மூலைக்குக் குழாய் போனதும் உள்ளேயிருந்து தட்டும் சத்தம். கண்ணாடி ரப்பரில் ஒரு வெடிப்பு. அதில் நுழைந்த தண்ணீர் ரப்பருக்கு உள்ளேயே ஓடி, பின் சீட்டுக்குப் பின்னாலுள்ள தகட்டு மடிப்பில் இறங்கி, சரிவைப் பிடித்துக்கொண்டு இடது மூலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. சாக்கட்டித் தூளில் அது போன பாதை கோடு போட்ட மாதிரி இருந்தது.

இதெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். அவருடைய அத்தா நாகப்பட்டினத்தில் தோணிகளுக்குக் கலப்பத்து அடித்தவராம். பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறுக்கி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுகிற வேலை. எனக்குச் சுருக்கென்றது. காரைக்கால் பள்ளியில் படித்த 'கல்ஃபாத்தே' என்ற பிரெஞ்சுச் சொல்லும் அதே வேலைதான். போர்த்துகீசியத்தில் 'கலஃபாத்தெ', அரபியில் 'கலஃப'. கடலோடிகள் போன துறைமுகமெல்லாம் அந்தச் சொல்லும் கூடவே போயிருக்கிறது. நாகூர்ப் பட்டறைக்கு மட்டும் அது காராக வந்து நின்றது.

வைத்தியம் இரண்டு நாள் பிடித்தது. பின் கண்ணாடியைக் கழற்றி, புது ரப்பரைக் கண்ணாடியில் மாட்டி, அதன் பள்ளத்தில் கெட்டி நூலைச் சுற்றி, வெளியிலிருந்து ஒருவர் தட்ட உள்ளிருந்து ஒருவர் நூலை உருவ, ரப்பரின் உதடு தகட்டுக்கு மேல் ஏறி உட்கார்ந்தது. துருவேறிய தகட்டு மடிப்பைச் சுரண்டி லப்பம் வைத்துப் பெயின்ட் அடித்தார்கள். பூட்டின் கொக்கியைக் கொஞ்சம் கீழே இறக்கியதும் மூடி அந்த நாலு விரற்கடையிலும் அமுங்கியது. சுற்றியிருக்கும் மழைக்காலில் அடைந்திருந்த வேப்பஞ்சருகை எடுத்துவிட்டார். பழைய பட்டைமேல் பசையும் தாரும் அப்பித் தருகிற பட்டறைகள் நிறைய இருந்தன. அவை அடுத்த மழை வரை தாங்கும். நானா அந்த வேலை செய்வதில்லை.

பட்டறைப் பில்லையும், எங்கே வெடிப்பு என்று நானா தம் கையால் எழுதிய நாலு வரியையும் இணைத்து ஓட்டுநரின் விளக்கத்தை எழுதிக் கொடுத்தேன். மேல்நடவடிக்கை கைவிடப்பட்டது. பதிவேடுகளுக்கு அவ்வளவு சுலபமாக விடியவில்லை. பழைய சம்பளப் பட்டியல்களைத் தூசி தட்டி, வருஷம் வருஷமாகச் சரிபார்த்துத் திரும்ப எழுதினோம். மூவரில் ஒருவர் ஓய்வுபெற்று ஏழு மாதம் கழித்துத்தான் முதல் பென்ஷன் வாங்கினார். அந்த ஏழு மாதமும் அவர் அலுவலக வராந்தாவில் வந்து உட்கார்ந்திருந்ததை மறக்க முடியாது. மழைக்காகவா, கண்ணாடி ரப்பருக்காகவா, யாரைக் குறை சொல்வது என்று அவருக்கே தெரியவில்லை.

அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. 2017-இல் அந்தப் பெயரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கியவர்கள் யார் தெரியுமா? பிரான்சின் பெழோ. படித்தபோது சிரிப்பு வந்தது.

இப்போதெல்லாம் தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு காரையும் செயற்கை மழையில் நனைத்துப் பார்த்துத்தான் வெளியே விடுகிறார்கள். அப்படியும் போன கார்த்திகையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் புதுக் காரில் ஸ்டெப்னிக் குழியில் தண்ணீர். டிக்கிப் பட்டை முழுக்க மாற்ற வேண்டும் என்று ஓர் இடத்தில் பெரிய தொகை சொல்லியிருக்கிறார்கள். அந்த வீட்டுப் பையனிடம் நானாவின் முறையைச் சொன்னேன். யாரையும் உள்ளே படுக்க வைக்கவில்லை. கைபேசியில் விளக்கைப் போட்டுப் படம் பிடிக்க வைத்து, உள்ளே விட்டு மூடினான். நான் குழாயைக் கீழிருந்து பிடித்தேன். வலது பின் விளக்குக்குப் பின்னால் சொட்டுச் சொட்டாக இறங்கியது படத்தில் தெளிவாக விழுந்திருந்தது. முன்பு ஒருமுறை இடிபட்டு அந்த விளக்கைக் கழற்றி மாட்டியபோது பழைய கேஸ்கெட்டையே திரும்ப வைத்திருக்கிறார்கள். நாகப்பட்டினத்தில் புது கேஸ்கெட் வாங்கி அவனே மாட்டிவிட்டான்.