சரவாக்கின் மிளகுத் தோட்டங்கள்

போர்னியோத் தீவின் வடமேற்கிலுள்ள சரவாக்கின் குன்றுகளில் வாழும் இபான் மக்களின் பழைய உழவு முறை, காட்டை வெட்டி உலர்த்தி எரித்து, சாம்பல் படிந்த சரிவில் மலைநெல் விதைத்து, ஓரிரு அறுவடைக்குப் பின் அந்நிலத்தைப் பல ஆண்டுகள் தரிசாக விட்டு வேறிடம் செல்லும் இடம்பெயர் வேளாண்மையாகும். மரம் மீண்டும் தழைக்க விடப்பட்ட அத்தரிசு ‘தெமுடா’ எனப்பட்டது. கன்னிக்காட்டை முதலில் வெட்டிய குடும்பத்துக்கே அதன்மீது உரிமை இருந்தமையால், அயலார் கண்ணுக்குப் பாழ்நிலமாகப் பட்டதற்கும் உடையவர் இருந்தனர்.

சரவாக்கை ஆண்ட சார்லஸ் புரூக் 1870-களில் சலுகைகள் அளித்துச் சீனக் குடியானவர்களை மிளகும் காம்பிரும் பயிரிட அழைத்ததோடு நிலையான வேளாண்மை வேரூன்றிவிட்டது எனக் கருதுவது பொருந்தாது. காம்பிர் என்பது தோல் பதனிடும் சாற்றுக்காக இலை வேகவைக்கப்படும் செடி. அதன் சக்கை மிளகுக்கு எருவாயிற்று, வேகவைக்கும் விறகோ காட்டிலிருந்தே வந்தது. ஹக்கா சீனர் விறகடுக்கி மண்ணைச் சுட்டு, அச்சுட்ட மண்ணைக் கொடியடியில் அணைத்தனர். நீரில் போட்டால் மூழ்கிவிடும் கனமும் எளிதில் உளுக்காத உறுதியும் கொண்ட பெலியான் மரத்தூண்களில் கொடியை ஏற்றி, ஒரு புல்லும் தலைகாட்டாதபடி தரையைச் செதுக்கி வைத்தனர். பார்வைக்கு நேர்த்தியான தோட்டம்தான். ஆயினும் பெருமழை பெய்யும் சரிவில் மேல்மண் கரைந்தோடியது, கொடி தளர்ந்ததும் தூண்கள் பிடுங்கப்பட்டுப் புதிய நிலத்தில் நடப்பட்டன. ஆக, நெல்லைப் போல மிளகும், சற்றே நிதானமாக, இடம்பெயர்ந்து கொண்டுதான் இருந்தது.

1950-களில் பரவிய அடியழுகல் நோய், அதாவது மண்வழி வரும் பூசணம் போன்ற நுண்ணுயிரி கொடியின் அடித்தண்டை அழுகச் செய்யும் நோய், பல தோட்டங்களை அழித்தது. பிற்காலத்தில் மிளகு பெரிதும் இபான் சிறுவிவசாயிகளின் பயிராக மாறியது; 1972-இல் மிளகு விற்பனை வாரியம் அமைந்தது, உரத்துக்கு மானியமும் கிடைத்தது. பெலியான் அரிதாகி விலையேறிய பிறகே கிளைரிசிடியா போன்ற உயிருள்ள தாங்குமரங்களும், சரிவில் படிவரப்பும், மண்ணை மூடும் படர்பயிரும் கவனம் பெற்றன. இம்மாற்றத்தில் மண்மீதான அக்கறையைவிடத் தூணின் விலைக்கே பங்கு அதிகம் எனலாம். அப்போதும் இபான் குடும்பங்கள் மலைநெல்லை விட்டுவிடவில்லை: மிளகு விலை சரிந்த ஆண்டுகளில் உரமிடுவதைக் குறைத்து, கொடிகளை அவற்றின் போக்கில் விட்டு, உழைப்பை நெல்லுக்கே திருப்பினர்.