முக்கியக் கனிமச் சுரங்கங்களும் இந்திய அரசின் கொள்கையும்

லித்தியம், கோபால்ட், டங்ஸ்டன், அருமண் தனிமங்கள் முதலியவை மின்கலம், காற்றாலை, போர்த்தளவாடம் ஆகியவற்றின் உற்பத்திக்குத் தேவை. இந்திய அரசு 2023 ஜூனில் இத்தகைய 30 கனிமங்களை ‘முக்கியக் கனிமங்கள்’ எனப் பட்டியலிட்டது. இவற்றை வெட்டியெடுக்கும் திட்டங்களின் போக்கைப் பாறையின் தரத்தோடு சட்டமும் தீர்மானிக்கிறது.

1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டம் லித்தியத்தை அணுக் கனிம வரிசையில் வைத்திருந்ததால் தனியாருக்கு அதில் இடமில்லை. 2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த திருத்தம் லித்தியம், பெரிலியம், டைட்டானியம் உள்ளிட்ட ஆறு கனிமங்களை அவ்வரிசையிலிருந்து விடுவித்தது. 24 கனிமங்களை ஏலம்விடும் அதிகாரத்தை மத்திய அரசு தன் வசம் எடுத்துக்கொண்டது. ஏல வருவாய் மட்டும் மாநிலங்களுக்கு.

கதவைத் திறந்தால் முதலீடு வந்துவிடும் என்பது பொய்த்தது. ஜம்முவின் ரியாசியில் 59 லட்சம் டன் லித்தியத் தாது இருப்பதாக 2023 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. அது முதற்கட்ட ஆய்வின் மதிப்பீடுதான். நிலத்தடியில் என்ன இருக்கிறது என்று சரிவரத் தெரியாத இடத்துக்குப் பணம் கட்டப் போதிய ஏலதாரர் வராமல் ஏலம் ரத்தானது.

மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் நடந்தது வேறு. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதிக்கு 2024 நவம்பரில் இந்துஸ்தான் ஜிங்க் ஏலதாரராகத் தேர்வானது. அத்தொகுதியின் சுமார் 2,000 ஹெக்டேருக்குள் அரிட்டாபட்டியும் அடங்கியது. சமணப் படுகைகளும் தமிழிக் கல்வெட்டும் பாண்டியர் குடைவரையும் உள்ள ஊர் அது. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டதும் அதுவே. வரைபடத்தில் தொகுதியைக் குறித்தவர்கள் இவற்றைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் விவசாயிகள் மேலூரிலிருந்து மதுரைக்குப் பேரணி வந்தனர். அம்மாதம் 23ஆம் நாள் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அதே மாதம் 16,300 கோடி ரூபாய் செலவில் தேசிய முக்கியக் கனிம இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் வழங்கியது. உள்நாட்டு ஆய்வு, வெளிநாட்டுச் சுரங்க உரிமை, மறுசுழற்சி மூன்றும் அதன் வரம்பில் வருகின்றன. 2025 செப்டம்பரில், அணுக் கனிம, முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்களித்தது. அரிட்டாபட்டியின் அனுபவத்துக்கு நேர் எதிரான திசை இது. எனினும் ஏலம் மத்திய அரசுடையதே ஆனாலும், வென்றவருக்குச் சுரங்கக் குத்தகை வழங்க வேண்டியது மாநில அரசுதான்.