பக்கப் பலகை வலுவூட்டல்

நரம்பிசைக் கருவிகளின் மெல்லிய பக்கச் சுவர் வெடிக்காமலும், வெடித்தால் வெடிப்பு நீளாமலும் இருக்க உட்புறத்தில் குறுக்காகப் பட்டை ஒட்டும் தச்சுமுறை. மரம் ஈரத்தில் விரியும், வறட்சியில் சுருங்கும். இழையின் நீளவாக்கில் இந்த அசைவு மிகக் குறைவு, குறுக்குவாக்கில் அதிகம். ஆகவே வெடிப்பு இழையோடு ஓடும், குறுக்குப் பட்டை அதை வழிமறிக்கும்.

தஞ்சாவூர் வீணைக்கு இது தேவைப்படவில்லை. பலாக்கட்டையைக் குடைந்தெடுத்த அதன் குடத்துக்குச் சுவர் தடிமன். நன்றாக உலர்ந்த கட்டையே காப்பு. பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) கருநாடக இசைக்குக் கொண்டுவந்த வயலினோ சுமார் 1 மி.மீ. பலகையைச் சூட்டில் வளைத்துச் செய்யப்படுவது. செலோவின் பக்கம் அகலமானதால் அதற்குள் லினன் துணிப்பட்டை ஒட்டுவார்கள். கிட்டாரில் துணியும் உண்டு, மரக்கீற்றும் உண்டு. மரக்கீற்று மேலும் கீழும் உள்ள ஓரச்சட்டம் வரை போய்ச் சேர வேண்டும்; இடையில் நின்றால் அதன் நுனியிலேயே புது வெடிப்பு கிளம்பும். துணி பசையில் ஊறி வளைவோடு படிந்துவிடும் என்பதால் பழுதுபார்க்க அதுவே நல்லது. பட்டை ஒட்டினால் நாதம் கெடும் என்ற அச்சம் பெரும்பாலும் வீண். ஸ்பெயின் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரெஸ் 1862-இல் பக்கமும் முதுகும் அட்டையாலான கிட்டார் ஒன்றைச் செய்து, நாதம் முக்கியமாக மேற்பலகையில் பிறக்கிறது என்று காட்டினார்.

வெடிப்புக்கு இன்னொரு தீர்வான பிளைவுட் இலங்கை மலையகத்துக்கு நன்கு பழக்கமானது. இருபதாம் நூற்றாண்டில் இலங்கைத் தேயிலை பிளைவுட் பெட்டிகளில் கப்பலேறியது. ஓர் அடுக்கின் இழைக்குக் குறுக்காக அடுத்த அடுக்கை ஒட்டுவதால், பிளைவுட்டில் வலுவூட்டல் பலகைக்குள்ளேயே அமைந்துவிடுகிறது. 1950-களில் பிரிட்டனின் ஸ்கிஃபிள் என்னும் இசைப்பாணிக் குழுக்கள் காலித் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, ஒரு கழியும் ஒற்றை நரம்பும் பூட்டி பாஸ் வாசித்தன. ஜான் லெனனின் குவாரிமென் குழுவிலும் அது இருந்தது. மலிவான கிட்டார்களின் பக்கங்கள் இன்றும் பிளைவுட்தான். உலர்ந்த காற்றைத் தாங்குவதில் அவை விலையுயர்ந்த தனிப்பலகையை மிஞ்சும்.

அதே மலையகத்தில் சுமார் 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஆண்டின் பெரும்பகுதி மூடுபனியும் மழையும்; தை, மாசியில் உறைபனியோடு வறண்ட பகல். ஈரத்தில் உப்பிய மரத்துக்கு இந்த மாற்றமே சோதனை. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயக் காம்பராவின் விறகடுப்புச் சுவரிலோ, பங்களாவின் கணப்படுப்பு அருகிலோ கிட்டாரையும் வயலினையும் மாட்டாதீர்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்தால், அழுக்கு ஏறுமுன் பசையிட்டு, உள்ளே துணிப்பட்டை ஒட்டிவிடுங்கள்.